சாப்பிடுவதற்காகவே ஒரு பயணம்: உலக உணவுத் திருவிழாக்களுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

இத்தாலியின் ஆல்பா நகரில், நவம்பர் மாதத்தில், சுடச்சுட வந்த நூடுல்ஸ் தட்டின் மேல் வெள்ளை ட்ரஃபிளை மெல்லிய இழைகளாகச் சீவிப் போடுவார்கள். மண்ணுக்கடியில் மர வேர்களை ஒட்டி விளையும் ஒரு வகைக் காளான் அது. தோண்டி எடுத்த நாளிலிருந்தே மணம் குறையத் தொடங்கிவிடும். ஒரு வாரம், பத்து நாளைத் தாண்டினால் அதன் சிறப்பே போய்விடும். விமானத்தில் ஏற்றி எல்லா நாடுகளுக்கும் அனுப்பத்தான் செய்கிறார்கள். ஆனாலும் தோண்டிய மறுநாள் ஆல்பாவில் கிடைக்கும் மணம் வேறு எங்கும் கிடைக்காது.

உணவுத் திருவிழாவுக்காக ஒரு நாடு விட்டு இன்னொரு நாடு போவது தேவையா என்று யோசிப்பவர்கள் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: அந்த உணவு உங்களைத் தேடி வருமா? வரும் என்றால் உங்கள் ஊரிலேயே சாப்பிட்டுக்கொள்ளலாம். வரவே வராது, வந்தாலும் பாதிதான் வரும் என்றால், அந்த விழாவுக்குப் பணமும் விடுமுறையும் செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது. 'உலகின் தலைசிறந்த உணவுத் திருவிழாக்கள்' என்று வரும் பட்டியல்களில் பாதி இந்தக் கேள்வியிலேயே கழிந்துவிடும்.

முதல் படி: எந்த உணவுக்காகப் போகிறீர்கள்?

நாட்டை முடிவு செய்துவிட்டு விழாவைத் தேடாதீர்கள். உணவை முடிவு செய்யுங்கள், நாடும் மாதமும் தானாக அமையும். ஓர் உணவு ஊரைவிட்டு நகராமல் இருப்பதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள் உண்டு.

முதல் காரணம் சீசன். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ராக்லேண்ட் என்ற துறைமுக ஊரில் 1940-களிலிருந்து சிங்கி இறால் திருவிழா நடக்கிறது. ஆகஸ்ட் தொடக்கத்தில் வரும். அந்த நேரத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. கோடையில் அங்குள்ள சிங்கி இறால்கள் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புது ஓடு போடும். புது ஓடு மென்மையாக இருக்கும், கையாலேயே உடைக்கலாம், சதை இனிப்பாக இருக்கும். ஆனால் அந்த நிலையில் இருக்கும் சிங்கி இறால் நீண்ட பயணத்தைத் தாங்காது, வழியிலேயே இறந்துவிடும். அதனால் ஏற்றுமதிக்குக் கெட்டி ஓடு உள்ளவைதான் அதிகம் போகின்றன. மென்மையான ஓட்டுக்காரர்களைச் சாப்பிட வேண்டுமானால் கோடையில் அந்தக் கடற்கரைக்கே போக வேண்டும்.

அயர்லாந்தின் கால்வே சிப்பித் திருவிழாவும் இப்படித்தான். 1954-இல் தொடங்கியது. அந்தக் கரையின் நாட்டுச் சிப்பி செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை எடுக்கப்படுவது. சீசன் தொடங்குவதைக் கொண்டாடத்தான் விழா செப்டம்பரில் வருகிறது. சிப்பியை யார் வேகமாகவும் சுத்தமாகவும் திறக்கிறார்கள் என்று பல நாட்டவர் மோதும் போட்டியும் உண்டு. அதை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால், தட்டில் வரும் சிப்பியின் மேல் தனி மரியாதை வந்துவிடும்.

இரண்டாவது காரணம் நெருப்பு. அடுப்பிலிருந்து இறக்கிய சில நிமிடங்களுக்குள் சாப்பிட்டால்தான் சில உணவுகளுக்கு உயிர். இதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ஸ்பெயினின் கட்டலோனியாவில் உள்ள வால்ஸ் நகரம். ஜனவரி மாதத்தின் கடைசி ஞாயிறு அங்கே கல்சோட் திருவிழா. கல்சோட் என்பது வெங்காயம்தான், ஆனால் வளர்க்கும் விதம் வேறு. ஒருமுறை விளைந்த வெங்காயத்தை மறுபடி நட்டு, முளைத்து வரும் தண்டுகளைச் சுற்றி மண்ணை அணைத்துக்கொண்டே போவார்கள். வெயில் படாததால் தண்டு வெள்ளையாக, நீளமாக, இனிப்பாக வளரும். அதைத் திராட்சைக் கொடியின் காய்ந்த குச்சிகளை எரித்து, தழல் ஆவதற்குக் காத்திராமல், எழும் தீயிலேயே வெளிப்புறம் கருகும்வரை வாட்டுவார்கள். பிறகு செய்தித்தாளில் சுருட்டி வைத்தால் உள்ளேயே ஆவியில் வெந்து மிருதுவாகிவிடும். சூடு போகாமலிருக்க மண் ஓட்டின் மேல் அடுக்கிக் கொண்டு வருவார்கள்.

சாப்பிடும் முறையும் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஒரு கையால் மேல் இலைகளைப் பிடித்து, மறு கையால் கருகிய தோலை ஒரே இழுப்பில் உருவிவிட்டு, சுட்ட தக்காளி, பாதாம், பூண்டு, காய்ந்த மிளகாய் சேர்த்து அரைத்த சாஸில் முக்கி, தலையை அண்ணாந்து வாய்க்குள் இறக்க வேண்டும். கழுத்தில் பெரிய துணி கட்டிக்கொள்வார்கள், கையெல்லாம் கரியாகும். ஊரே தெருவில் நின்று இப்படிச் சாப்பிடுவதை எந்த உணவகமும் பொட்டலம் கட்டித் தர முடியாது.

மூன்றாவது காரணம் மனிதர்கள். பிலிப்பைன்ஸின் லுக்பான் நகரில் மே 15 அன்று பாஹியாஸ் விழா. விவசாயிகளின் காவல் புனிதரான சான் இசித்ரோவுக்கு அறுவடை நன்றி சொல்லும் நாள். காய்கறி, பழம், நெற்கதிர் என்று விளைந்ததையெல்லாம் வைத்து வீட்டு முகப்பையே அலங்கரிப்பார்கள். அதில் தனித்துத் தெரிவது கிப்பிங். அரிசி மாவுக் கரைசலில் வண்ணம் கலந்து, மரத்து இலையின் மேல் பூசி, ஆவியில் வேக வைத்து உரித்து எடுத்த மெல்லிய தாள் அது. இலையின் நரம்பு வரை அதில் பதிந்திருக்கும். நூற்றுக்கணக்கான கிப்பிங்குகளை அடுக்கிப் பூக்கொத்து போலவும் சரவிளக்கு போலவும் தொங்கவிடுவார்கள். விழா முடிந்ததும் பொரித்துச் சாப்பிடலாம். தெருவில் வாழை இலைத் துண்டில் நூடுல்ஸ் கொடுப்பார்கள், கரண்டி தர மாட்டார்கள். இலையை வாயருகே கொண்டுபோய் அப்படியே உறிஞ்ச வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடும் முறை அதுதான்.

இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாத விழா பெரும்பாலும் வெறும் உணவுக் கண்காட்சியாக இருக்கும். எல்லா நாட்டு உணவும் ஒரே மைதானத்தில், டோக்கன் வாங்கிச் சாப்பிடுவது. வேறு வேலையாக அந்த ஊருக்குப் போயிருந்தால் எட்டிப் பாருங்கள். அதற்காகவே விமானம் ஏற வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெயரில் உணவு இருந்தால் தட்டிலும் உணவு இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்பெயினின் புன்யோல் ஊரில் ஆகஸ்ட் கடைசி புதன்கிழமை நடக்கும் லா தொமாத்தினாவில் தக்காளியை எறிவார்கள், சாப்பிட மாட்டார்கள். பிரான்ஸின் மாந்தோன் நகரத்து எலுமிச்சைத் திருவிழாவில், எலுமிச்சையும் ஆரஞ்சுமாக டன் கணக்கில் அடுக்கிப் பெரிய சிற்பங்கள் செய்வார்கள், பார்க்கத்தான். இரண்டும் அழகான அனுபவங்கள். ஆனால் பசியோடு போனால் ஏமாற்றம்தான்.

இரண்டாம் படி: விழா நடக்கிறதா, எப்போது?

இதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பெருவின் லிமா நகரில் மிஸ்டுரா என்ற விழா 2008-இல் தொடங்கியது. தென் அமெரிக்காவின் பெரிய உணவுத் திருவிழாவாக வளர்ந்து, லட்சக்கணக்கான பேரை ஈர்த்தது. 2017-க்குப் பிறகு அது நடக்கவில்லை. ஆனாலும் அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் 'செப்டம்பரில் லிமா போங்கள்' என்று சொல்லும் பட்டியல்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. அதனால் எந்த விழாவாக இருந்தாலும் அமைப்பாளர்களின் சொந்த இணையதளத்திலோ, அந்த நகராட்சியின் பக்கத்திலோ இந்த ஆண்டுக்கான தேதி வந்திருக்கிறதா என்று பாருங்கள். போன ஆண்டுத் தேதி மட்டும் இருந்தால் காத்திருங்கள். அதை வைத்துக் கணக்குப் போட்டு விமான டிக்கெட் எடுக்காதீர்கள்.

தேதிகள் எப்படி அமைகின்றன என்பதைப் புரிந்துகொண்டால் திட்டமிடுவது எளிது. லுக்பான் போல மாறாத தேதி சில விழாக்களுக்கு. வால்ஸ், புன்யோல் போல 'கடைசி ஞாயிறு', 'கடைசி புதன்' என்று கிழமைக் கணக்கு சிலவற்றுக்கு. ஜெர்மனியின் மியூனிக் நகரத்துப் பீர் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்ட், பெயரில் அக்டோபர் இருந்தாலும், செப்டம்பர் 15-க்குப் பிறகு வரும் சனிக்கிழமை தொடங்கி அக்டோபரின் முதல் வாரத்தில் முடிந்துவிடும். பெயரை நம்பி அக்டோபர் நடுவில் போய் இறங்கினால் மைதானத்தில் கூடாரங்களைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

தாய்லாந்தின் புக்கெட் சைவ உணவுத் திருவிழா சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாட்கள். ஆங்கிலத் தேதி ஒவ்வோர் ஆண்டும் மாறும், செப்டம்பர் கடைசிக்கும் அக்டோபருக்கும் இடையில் விழும். இத்தாலியின் ப்ரா நகரில், உள்ளூர்ப் பாரம்பரிய உணவைக் காக்கப் பாடுபடும் ஸ்லோ ஃபுட் இயக்கம் 1997 முதல் நடத்தும் பாலாடைக்கட்டித் திருவிழா இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டுகளின் செப்டம்பரில் நடந்து வந்திருக்கிறது.

நீண்ட நாள் நடக்கும் விழா என்றால் எந்த வாரம் போவது என்பதும் முக்கியம். ஆல்பா ட்ரஃபிள் சந்தை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் முதல் வாரத்தை ஒட்டி முடியும், முக்கியமாக வார இறுதிகளில் நடக்கும். தொடக்க வாரத்தில் கொண்டாட்டம் அதிகம், ட்ரஃபிள் அவ்வளவு முற்றியிருக்காது. குளிர் இறங்கி மண் ஈரமான பிறகுதான் மணம் ஏறும். உணவுக்காகப் போகிறவர்கள் நவம்பரைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாம் படி: விசா, தங்குமிடம், போக்குவரத்து

விசா தேவைப்படுகிறவர்கள் முதலில் அதைக் கவனியுங்கள். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாட்களுக்கு முன்னாவது விண்ணப்பித்தாக வேண்டும். 15 நாள் என்பது காகிதத்தில் உள்ள கணக்கு. நேர்காணலுக்கு நேரம் கிடைப்பதே சில ஊர்களில் வாரக்கணக்கில் இழுக்கும். மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்குவது நிம்மதி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் அந்த விசாவுக்குக் கட்டாயம். விசா கையில் வரும்வரை ரத்து செய்யக்கூடிய அறைகளை மட்டும் பதிவு செய்யுங்கள்.

தங்குமிடத்தில் ஒரு பொது விதி: விழா நடக்கும் ஊர் சிறியதாக இருந்தால், பக்கத்துப் பெரிய ஊரில் தங்குங்கள். புன்யோலுக்கு வாலென்சியா சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆல்பாவுக்கு டுரின் நகரிலிருந்து போய் வரலாம். வால்ஸுக்குத் தாராகோனாவில் தங்கலாம், பார்சிலோனாவிலிருந்தும் காலையில் கிளம்பிப் போகலாம்.

இதற்கு விதிவிலக்கு, பக்கத்தில் பெரிய ஊரே இல்லாத இடங்கள். நியூசிலாந்தின் மேற்குக் கரையில் ஹோகிடிகா என்ற சிற்றூரில் 1990 முதல் மார்ச் மாதம் காட்டுணவுத் திருவிழா நடக்கிறது. மரத்துக்குள் வளரும் ஹூஹூ புழு, ஆற்றில் பிடித்த சின்னஞ்சிறு மீன்களை முட்டையில் போட்டுச் செய்த அடை என்று அந்த மண்ணின் உணவுகள். கிறைஸ்ட்சர்ச் நகரிலிருந்து மலைத்தொடரைத் தாண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டும். இப்படிப்பட்ட ஊருக்குப் பல மாதம் முன்பே அறை பிடித்துவிடுங்கள். லுக்பானுக்கும் அப்படித்தான்: விழா நாள் காலையில் மணிலாவிலிருந்து கிளம்பினால் பாதி நாள் சாலையிலேயே போய்விடும். முந்தைய மாலையே போய்ச் சேர்ந்தால், விடியற்காலையில் கூட்டம் வருவதற்கு முன் அலங்காரங்களை ஆற அமரப் பார்க்கலாம். ஊர்வலம் போகும் தெருக்களில்தான் அலங்காரம் இருக்கும், அந்தப் பாதை ஆண்டுக்கு ஆண்டு மாறும். தங்குமிடத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியையும் போகும்போதே உறுதி செய்துவிடுங்கள். கடைசி ரயில் எத்தனை மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை பேருந்து உண்டா என்பதெல்லாம் மாலை ஆறு மணிக்குத் தேட வேண்டிய விஷயமில்லை. குடிக்கும் எண்ணம் இருந்தால் கார் வேண்டாம்.

நான்காம் படி: நுழைவுச் சீட்டும் உட்கார இடமும்

சில விழாக்களில் ஊருக்குள் நுழையவே சீட்டு வேண்டும். புன்யோலில் 2013 முதல் சுமார் 20,000 பேருக்கு மட்டும் அனுமதி. ஆல்பாவில் ஊருக்குள் தாராளமாக நடக்கலாம், ட்ரஃபிள் விற்கும் சந்தைக்குள் போகத்தான் கட்டணம். அக்டோபர்ஃபெஸ்டில் நுழைவு இலவசம், ஆனால் பெரிய கூடாரங்களில் பெரும்பாலும் உட்கார இடம் கிடைத்தவர்களுக்கே பரிமாறுவார்கள். முன்பதிவு எட்டு, பத்துப் பேர் உட்காரும் முழு மேசையாகத்தான் கிடைக்கும், அந்தந்தக் கூடாரத்தாரிடம் நேரடியாகச் செய்ய வேண்டும். இடைத்தரகர்கள் விற்கும் சீட்டை வாங்காதீர்கள், வாசலில் செல்லாமல் போகலாம். இரண்டு பேர் மட்டும் போகிறீர்கள் என்றால் வார நாளில், மதியத்துக்கு முன் போனால் முன்பதிவு இல்லாத மேசைகளில் இடம் கிடைக்கும். மூன்று லிட்டருக்கு மேல் கொள்ளளவு உள்ள பையை உள்ளே விட மாட்டார்கள், முதுகுப் பையை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

சுவைத்துப் பார்க்கும் வகுப்புகள், சமையல் செயல்விளக்கம் போன்றவற்றுக்குத் தனிச் சீட்டு இருக்கும். முதலில் தீர்ந்துபோவது இவைதான். பணம் இருந்தால் ஒன்றிலாவது சேருங்கள். என்ன சாப்பிடுகிறோம் என்று புரிந்துகொண்ட பிறகு சந்தையில் நடப்பதற்கும், புரியாமல் நடப்பதற்கும் நிறைய வித்தியாசம்.

ஐந்தாம் படி: விழா நாளன்று

காலை உணவை லேசாக முடித்துக்கொண்டு, கடைகள் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். முதல் அரை மணி நேரம் எதுவும் வாங்காமல் ஒரு சுற்று நடந்து வாருங்கள். எங்கே உள்ளூர்க்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள், எங்கே கண் முன்னாலேயே சமைக்கிறார்கள், எங்கே முன்பே செய்து அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். முதல் கடையிலேயே ஒரு முழுத் தட்டு வாங்கிச் சாப்பிட்டு வயிற்றை நிரப்பிக்கொள்வதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. எதையும் சிறிய அளவில் கேளுங்கள். துணைக்கு ஆள் இருந்தால் ஒரு தட்டை இரண்டு பேர், மூன்று பேர் பகிர்ந்துகொள்ளுங்கள். தனியாகப் போகிறவர்கள் ஒரு நாளைக்கு நான்கு அல்லது ஐந்து உணவு என்று முடிவு செய்துகொண்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது நடந்தால் சுவை மழுங்காது.

சில்லறைப் பணம் கையில் இருக்கட்டும். பெரிய விழாக்களில் கார்டு எடுக்கிறார்கள், ஆனால் கூட்டம் அதிகமாகி நெட்வொர்க் படுத்துவிட்டால் பணம்தான் உதவும். ஐரோப்பாவில் பல இடங்களில் கண்ணாடிக் குவளைக்கு வைப்புத் தொகை வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு வரும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஈரத் துணித்தாள், தண்ணீர் பாட்டில், வீணானால் பரவாயில்லை என்ற உடை, வழுக்காத செருப்பு இல்லையென்றால் ஷூ. இவ்வளவு போதும்.

இத்தாலிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு தனி ஆலோசனை. பெரிய விழாவுக்காகப் போனாலும், அந்தப் பக்கத்தில் சாக்ரா ஏதாவது நடக்கிறதா என்று விசாரியுங்கள். சாக்ரா என்பது ஒரே ஒரு உணவுக்காக ஒரு சிற்றூர் நடத்தும் விழா. காட்டுப் பன்றி, செஸ்ட்நட், காளான், ஒரு குறிப்பிட்ட பாஸ்தா என்று எதற்கு வேண்டுமானாலும் இருக்கும். ப்ரோ லோகோ என்ற ஊர்ச் சங்கத்தின் தன்னார்வலர்கள்தான் பெரும்பாலும் சமைப்பதும் பரிமாறுவதும். அறிவிப்பு சாலையோரச் சுவரொட்டியிலும் காப்பிக் கடைக் கதவிலும் இருக்கும். உள்ளே போனதும் நேராகச் சமையல் பக்கம் போகாதீர்கள். முதலில் கல்லாவில் என்ன வேண்டும் என்று சொல்லிப் பணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும், அதைக் கொடுத்துத்தான் தட்டு வாங்க முடியும். நீள பெஞ்சில் முன்பின் தெரியாதவர்களோடு தோளை ஒட்டி உட்கார்ந்து சாப்பிடுவது அங்கே இயல்பு. பெரிய விழாவில் ஐந்து மணி நேரம் சுற்றியும் கிடைக்காத ஒரு நெருக்கம், ஊர்ப் பெரியவர்கள் தட்டில் அள்ளிப் போடும் அந்தச் சாப்பாட்டில் கிடைக்கும்.

சைவம், ஒவ்வாமை, மத நெறி

எதையெல்லாம் சாப்பிட மாட்டீர்கள் என்பதை விழாவைத் தேர்ந்தெடுக்கும்போதே கணக்கில் கொள்ளுங்கள், போன பிறகு சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். சைவர்களுக்கு உலகிலேயே மிகப் பொருத்தமான விழா என்று நான் நினைப்பது புக்கெட்டுடையது. அந்த ஒன்பது நாளும் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லாத 'ஜே' உணவு தெருவெங்கும் கிடைக்கும். பூண்டு, வெங்காயம் போன்ற கார மணம் உள்ளவையும் கூடாது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடையாகப் பார்த்துப் போனால் எதைப் பற்றியும் கேட்காமல் சாப்பிடலாம். 1825-இல் கத்து என்ற பகுதிக்கு வந்த ஒரு சீன நாடகக் குழுவினர் தொடங்கி வைத்தது என்பது ஊர் வழக்கு. ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்: இது வழிபாடு. பக்தர்கள் வெள்ளை உடுத்துவார்கள், நீங்களும் வெள்ளை உடுத்துவது மரியாதை. ஊர்வலத்தில் கன்னத்தில் வேலும் வாளும் குத்தி வருவார்கள், காதருகே பட்டாசு வெடிக்கும். சிறு குழந்தைகளோடு போனால் ஊர்வலத்தைத் தவிர்த்துவிட்டு, கோயில்களைச் சுற்றியுள்ள உணவுத் தெருக்களுக்கு மட்டும் போகலாம்.

வால்ஸின் கல்சோட்டும் சாஸும் சைவம்தான், ஆனால் சாஸில் பாதாம் போன்ற கொட்டைகள் உண்டு, சிலர் ரொட்டியும் சேர்த்து அரைப்பார்கள். கொட்டைகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 14 வகை ஒவ்வாமைப் பொருட்கள் உணவில் உள்ளனவா என்று கடைக்காரர் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம், தயங்காமல் கேளுங்கள். எங்கே போனாலும் 'எனக்கு இது ஆகாது' என்பதை உள்ளூர் மொழியில் ஒரு அட்டையில் எழுதி எடுத்துப் போய்க் காட்டுவது, வாயால் சொல்வதைவிட நம்பகமானது. கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் மருந்து ஊசியை அறையில் வைத்துவிட்டுப் போகக் கூடாது.

பச்சைச் சிப்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் அதைத் தொட வேண்டாம். அதில் வரக்கூடிய கிருமிகள் அவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. மற்றவர்களும் முதல் முறை என்றால் இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொண்டு, உடம்பு எப்படி ஏற்கிறது என்று பார்க்கலாம். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலைந்து பையில் எப்போதும் இருக்கட்டும்.

வாங்குவதும் கொண்டுவருவதும்

ஆல்பா சந்தையில் விற்பனைக்கு வரும் ட்ரஃபிள்களை நிபுணர் குழு ஒன்று பார்த்துச் சோதிக்கிறது. அதனால் தெருவில் யாரோ கைக்குட்டையில் சுற்றி நீட்டுவதை வாங்குவதைவிடச் சந்தைக்குள் வாங்குவது பாதுகாப்பு. கிராம் கணக்கில் விற்பார்கள். முகர்ந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், கொடுப்பார்கள். வாங்கினால் அன்றோ மறுநாளோ சாப்பிட்டுவிடுங்கள். ட்ரஃபிள் எண்ணெய் பாட்டில்களை நினைவுப் பொருளாக வாங்க வேண்டாம் என்பது என் அறிவுரை. பெரும்பாலானவற்றில் இருப்பது ஆய்வகத்தில் செய்த மணப்பொருள்தான்.

நாடு திரும்பும்போது இறைச்சி, பால் பொருட்கள், பழம், விதை ஆகியவற்றுக்குப் பல நாடுகளில் தடையோ கட்டுப்பாடோ உண்டு. நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் இதில் மிகக் கண்டிப்பு. நியூசிலாந்தில் பையில் மறந்து வைத்த ஒரு ஆப்பிளுக்குக்கூட அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் விதிக்கலாம். சந்தேகமாக இருந்தால் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதினால் அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள், அபராதம் கிடையாது.

முதல் பயணத்துக்கு எது?

ஒரே ஒன்றைச் சொல்லச் சொன்னால் பின்லாந்துத் தலைநகர் ஹெல்சின்கியின் ஹெர்ரிங் மீன் சந்தையைச் சொல்வேன். 1743 முதல், அக்டோபர் தொடக்கத்தில், பின்லாந்தின் தீவுகளிலிருந்து மீனவர்கள் படகில் வந்து நகரின் நடுவே உள்ள துறைமுகச் சதுக்கத்தில் கரை சேர்வார்கள். குளிர்காலத்துக்காக உப்பிலும் மசாலாவிலும் ஊற வைத்த மீனை விற்பார்கள். பால்டிக் கடலின் சிறிய ஹெர்ரிங் அது. கூடவே தீவுக்காரர்களின் கருப்பு நிற இனிப்பு ரொட்டியும் இருக்கும்.

புதியவர்களுக்கு இது ஏன் ஏற்றது என்றால், நுழைவுச் சீட்டு இல்லை, ஏறக்குறைய ஒரு வாரம் நடக்கிறது, தலைநகரம் என்பதால் அறைக்கும் போக்குவரத்துக்கும் பஞ்சமில்லை. முதல் நாள் பார்த்து வைத்துவிட்டு மறுநாள் வாங்கலாம். மழை வந்தால் பக்கத்திலேயே 1889-இல் கட்டிய பழைய சந்தைக் கட்டடத்துக்குள் ஒதுங்கலாம். மீன் வேண்டாம் என்பவர்களும் குழந்தைகளும் அதே கரையிலிருந்து படகேறிச் சுவோமென்லின்னா தீவுக் கோட்டையைப் பார்த்துவிட்டு வரலாம்.

கடலிலிருந்து காற்று ஊசியாகக் குத்தும், கெட்டியான கோட்டும் குல்லாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்குக் கடை பக்குவம் மாறும், சுவைத்துப் பார்க்கச் சின்னத் துண்டு கொடுப்பார்கள். பூண்டு போட்டது, கடுகு போட்டது, பெர்ரி போட்டது என்று நான்கைந்து படகுகளில் வாங்கிப் பாருங்கள். பிடித்ததை ஒரு சின்ன ஜாடியும், கூடவே அரை ரொட்டியும் வாங்கிக்கொண்டு, கரையோரம் காற்று மறைந்த இடமாகப் பார்த்து உட்காருங்கள்.